தோள் கொடுக்கும் சீட்டு

பி பிளாக்
அக்டோபர் 4

அன்புள்ள ஹைடி அக்காவுக்கு,

டேரன் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, சாப்பாடு மட்டும்தான் தண்டனைக்குள் இன்னொரு தண்டனை. நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. போன் செய்வதில்லை என்று கோபிக்காதே. உன் குரலைக் கேட்டால் இரண்டு நாளைக்கு எனக்குத் தூக்கம் வருவதில்லை. கடிதம்தான் எனக்குத் தாங்கும்.

நீ அனுப்பிய தாள்கள் வந்தன. நம் சூப்பர்ஹீரோ ஆட்டத்தின் சீட்டுக்கட்டு உள்ளே வரக்கூடாது, ஆனால் கையால் எழுதிய தாளுக்குத் தடையில்லை என்று கண்டுபிடித்தாயே, பெரிய ஆள்தான் நீ. என் கட்டு முழுவதையும் ஒவ்வொரு சீட்டாக உட்கார்ந்து எழுதியிருக்கிறாய். கத்தரிக்கோல் தர மாட்டார்கள். மடித்து மடித்துக் கிழித்தேன், ஓரமெல்லாம் எலி கடித்தது மாதிரி இருக்கிறது. காவலர் ஒருவர் எடுத்துப் பார்த்து, "என்னய்யா இது, ஜெபமா?" என்றார். "சூப்பர்ஹீரோ சார்" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு போனார்.

வில்லன் துருவேந்தனே இருக்கட்டும். அவன் கட்டு உன் சாப்பாட்டு மேசையில். அவனுக்காக யாரும் ஆட வேண்டாம், சீட்டைப் புரட்டினால் அவனே அடிப்பான். சுற்றுக்குச் சுற்று ஊர்மேல் துரு ஏறும். முழுக்க ஏறுவதற்குள் நாம் சேர்ந்து அவனை முடிக்க வேண்டும். ஜெயித்தால் எல்லோரும் ஜெயித்தோம், தோற்றால் எல்லோரும் தோற்றோம். உன் முறையை நீ எழுது, என் முறையை நான் எழுதுகிறேன். நீ பனிமகள், நான் தூரநோக்கி. ஆனால் துருவேந்தனுக்கு இரண்டு பேர் போதாது.

அப்பாவைக் கேட்டுப் பார். தீர்ப்பு வாசித்த அன்றைக்குக் கோர்ட்டிலிருந்து எழுந்து போனவர், இரண்டு வருஷமாக எனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுத வேண்டாம். சீட்டைப் போட்டால் போதும்.

இன்னொன்று. என்னை முன்கூட்டியே விடலாமா என்று முடிவு செய்ய ஏப்ரலில் விடுதலைக் குழு கூப்பிடும். வெளியே போனால் எங்கே இருப்பாய் என்றுதான் முதலில் கேட்பார்கள். அப்பா வீடு என்று சொல்ல அவர் சம்மதம் வேண்டும். நேரம் பார்த்து நீயே கேள்.

உன் தம்பி,
டேரன்


நெகோனி
அக்டோபர் 19

அன்புத் தம்பிக்கு,

இங்கே நாங்கள் சுகம். முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை அதிகம், குறை சொல்ல நேரமில்லாத அளவுக்கு அதிகம். அப்பாவுக்கு இருமல், குளிர் தொடங்கினால் வருவதுதான். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பாவிடம் கேட்டேன். "வளந்த கழுதைங்க இறுக்கமா கால்சட்டை போட்டுக்கிட்டுப் பறக்கும். அதோட நான் சேரணுமா?" என்றார். நான் படங்களை மேசையில் பரப்பினேன். இறைச்சி வைத்துச் சுட்ட பேஸ்டியைக் கடித்துக்கொண்டே ஒரு சுற்றுப் பார்த்தார். ஒரு படத்தில் விரல் நின்றது. சம்மட்டி. தலையில் சுரங்கத் தொப்பி, தோளில் பெரிய சுத்தியல். "இவன் ஒருத்தன்தான் வேலைக்குப் போறவனாட்டம் இருக்கான். இவனைக் குடு." முப்பது வருஷம் சுரங்கத்தில் கிடந்தவர் வேறு யாரை எடுப்பார்!

வீட்டு விஷயத்தையும் அந்தச் சூட்டோடு கேட்டுவிட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "பின்னாடி ரூம் சும்மாத்தான கெடக்கு" என்றார். உன் பெயரைச் சொல்லவில்லை. இருந்தாலும் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்.

அன்புடன்,
ஹைடி


பி பிளாக்
நவம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். "பின்னாடி ரூம்" என்ற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. அப்பா இருமலுக்கு மருந்து வாங்கினாரா, அல்லது சவ்னா வெந்நீராவி அறையில் உட்கார்ந்து வியர்த்தால் போய்விடும் என்கிறாரா?

சரி, தொழிலுக்கு வருவோம். அப்பாவுக்கு ஒரு விஷயத்தைப் புரிய வை. ஒரு சீட்டை இறக்க வேண்டுமானால் கையிலிருக்கும் வேறு சீட்டுகளைக் கழிக்க வேண்டும். அதுதான் கூலி. அதனால் எந்தச் சீட்டும் தனியாக நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அதற்காக எதை விட்டுக்கொடுத்தாய் என்பதைப் பார்க்க வேண்டும்.

'பெருவெடி'யைப் பார்த்ததும் எல்லோருக்கும் வாயூறும். கையில் முக்கால்வாசியைத் தின்றுவிட்டு ஒரே ஒரு தடவை வெடிக்கும். அதை நம்பாதே. 'சுரங்க விளக்கு' பார்க்க ஏழை மாதிரி இருக்கும். ஆனால் முதல் சுற்றிலேயே இறக்கினால் ஆட்டம் முடியும் வரை சுற்றுக்கு ஒரு சீட்டு கூடுதலாகத் தரும். தங்கம். கடைசிச் சுற்றில் வந்தால் வெறும் காகிதம்.

சம்மட்டியின் கட்டில் 'தோள் கொடு' என்று ஒன்று இருக்கும். சுத்த தண்டம். இன்னொருவன்மேல் விழும் அடியை நீ வாங்கிக்கொண்டு படுக்கிறாய், உன் முறையும் போகிறது. வில்லனுக்கு ஒரு கீறல் விழாது, ஊர்மேல் ஒரு துளி துரு குறையாது. இந்த மாதிரி ஆட்டத்தில் பரிதாபப்பட்டே தோற்றவர்கள்தான் அதிகம். அதைத் தூக்கிவிட்டு இன்னொரு 'சுத்தியலடி' வை.

என் முறை: தூரநோக்கியின் சக்தியைப் பயன்படுத்துகிறேன். வில்லன் கட்டில் அடுத்த சீட்டு என்ன என்று பார்த்து எழுது.

டேரன்


நெகோனி
நவம்பர் 24

அன்புத் தம்பிக்கு,

சுகம். முழங்கால் வரைக்கும் பனி. நீ கம்பளி உள்ளாடை கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்.

உன் உபதேசத்தை முழுக்க வாசித்துக் காட்டினேன். "ஜெயிலுக்குப் போயி வாத்தியார் ஆயிட்டானா?" என்றார் அப்பா. டேரன், அது உன்னைப் பற்றி அவர் பேசிய வாக்கியம். முழு வாக்கியம்!

ஆனால் 'தோள் கொடு'வை எடுக்க விடவில்லை. "ஒண்ணே ஒண்ணுதான, அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்று திரும்பக் கட்டுக்குள் சொருகிவிட்டார். எப்படி ஆடுகிறார் என்று கேட்கிறாயா? கையில் இருப்பதையெல்லாம் கொட்டி அடி, அடுத்த சுற்றிலும் அடி. தற்காப்பு என்ற பேச்சே இல்லை. ஒன்றையாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றால், "வச்சு அடைகாத்தா குஞ்சா பொரிக்கும்?" என்கிறார். துருவேந்தனுக்குக் கால் பங்கு உயிர் போய்விட்டது. சம்மட்டிக்குப் பாதி போய்விட்டது.

நீ கேட்ட அடுத்த சீட்டு 'இரும்பு மழை'. அது உன்மேல்தான் விழப்போகிறது.

அப்பா இந்த வருஷம் மான் வேட்டைக்குப் போகவில்லை. முட்டி வலியாம். துப்பாக்கி உறையிலேயே இருக்கிறது.

ஹைடி


பி பிளாக்
டிசம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன், கம்பளியும் கிடைத்தது. அந்த ஒரு வாக்கியத்துக்கு நன்றி.

ஆனால் மான் வேட்டைக்கு அப்பா போகவில்லையா? கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்ட வருஷம்கூடத் தாங்குகோலோடு காட்டுக்குப் போன மனுஷன் அவர். முட்டி வலி என்று யாரிடம் கதை விடுகிறாய்? டாக்டரிடம் காட்டினாயா? என்ன சொன்னார்? இதற்குப் பதில் எழுது, மற்றதெல்லாம் அப்புறம்.

ஆட்டம்: இரும்பு மழை என்மேல் விழட்டும். எனக்கு உயிர் நிறைய மிச்சம் இருக்கிறது, தாங்குவேன். என் முறையில் 'குறி வை' இறக்குகிறேன். அதனால் இந்தச் சுற்றில் அவன்மேல் விழும் ஒவ்வொரு அடியும் இரட்டிப்பு. நீயும் அப்பாவும் என்னைப் பற்றிக் கவலைப்படாமல் அவனைச் சாத்துங்கள். இந்த மாதிரிச் சுற்று திரும்ப வராது.

அப்பாவுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல். சொன்னதும் அவர் முகம் எப்படி இருந்தது என்று எழுது.

டேரன்


நெகோனி
ஜனவரி 7

அன்புள்ள டேரனுக்கு,

எல்லோரும் நலம். தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். விடுமுறைக் கூட்டம், வேலை, பனி. பக்கத்து வீட்டுக்காரர்கள் வரிசையாகச் சமைத்துக் கொண்டுவந்து தந்தபடி இருக்கிறார்கள். குளிர்பெட்டியில் இடமில்லை.

ஆட்டம்: நான் சாதாரண அடி. அப்பா தன் கையிலிருந்த சுத்தியலடிகளையெல்லாம் கழித்துவிட்டு 'தோள் கொடு' இறக்கினார். இரும்பு மழை உன்மேல் விழவில்லை, சம்மட்டி வாங்கிக்கொண்டான். ஆள் இன்னும் விழவில்லை. இரண்டு உயிர் மிச்சம்.

உன் வாழ்த்தைச் சொன்னேன்.

ஹைடி


பி பிளாக்
ஜனவரி 17

அக்கா,

நான் நலம். நீங்கள் நலம் என்று எழுதியிருக்கிறாய், நம்புகிறேன் என்று வைத்துக்கொள்.

இது என்ன ஆட்டம்? இரட்டிப்புச் சுற்றில் சுத்தியலடிகளைக் கழித்து, இருப்பதிலேயே மட்டமான சீட்டை இறக்குவதா? நான்தான் தாங்குவேன் என்று எழுதியிருந்தேனே! அந்த அடிகள் விழுந்திருந்தால் துருவேந்தன் இந்நேரம் முழங்காலில் நின்றிருப்பான். இதைவிட மோசமாக ஒரு முறையை ஆட முடியாது என்று அப்பாவிடம் அப்படியே சொல்.

அல்லது சொல்ல வேண்டாம். ஏனென்றால் இது அப்பா இல்லை. அப்பா தன் வாழ்க்கையில் ஒரு தடவைகூடத் தற்காத்ததில்லை. எனக்கு அடி விழும் என்று மூன்று சீட்டைக் கழிக்கிறவரா அவர்? கோர்ட்டில் திரும்பிக்கூடப் பார்க்காதவர்! இது உன் புத்தி. அப்பாவின் சீட்டுகளை நீதான் ஆடுகிறாய். ஏன்? அவர் எங்கே?

மான் வேட்டைக்கு நீ பதில் எழுதவில்லை. நான் கவனிக்கவில்லை என்று நினைக்காதே. நேற்று போன் வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் ஒரே ஒருவன் இருக்கும்போது விலகி வந்துவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. இங்கிருந்து நான் என்ன செய்ய முடியும்?

டேரன்


நெகோனி
பிப்ரவரி 14

அன்புத் தம்பிக்கு,

பயப்பட ஒன்றுமில்லை. எனக்குக் காய்ச்சல், அதனால்தான் எழுதவில்லை. இப்போது பரவாயில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உன் கடிதத்தை வாசித்ததும் அப்பா கத்தியதில் ஜன்னல் அதிர்ந்தது. "என் சீட்டு, என் இஷ்டம்! அவன் யாரு கணக்குக் கேக்கறதுக்கு? அன்னைக்குக் கண்ணாடி போடாம சீட்டை மாத்திப் போட்டுட்டேன், போதுமா?" மாற்றிப் போட்டாராம். அவ்வளவுதான் விஷயம்.

கோபத்தில் இந்தச் சுற்று எப்படி ஆடினார் தெரியுமா? கையில் ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. பெருவெடி! அதன்மேல் சுத்தியலடி! நான் வேண்டாம் வேண்டாம் என்கிறேன், "போ பின்னால" என்கிறார். துருவேந்தனுக்குப் பாதிக்குமேல் போய்விட்டது.

விடுதலை அதிகாரி வந்து வீட்டைப் பார்த்தார். பின் அறையில் புது விரிப்புப் போட்டிருக்கிறேன். திருப்தியாகத்தான் எழுதிக்கொண்டு போனார். ஏப்ரல் வரைக்கும் நீ எதிலும் மாட்டிக்கொள்ளாமல் இரு. அதுதான் எனக்கு வேண்டியது.

ஹைடி


பி பிளாக்
பிப்ரவரி 26

அன்பு அக்காவுக்கு,

சுகம், சுகம், நூறு தடவை சுகம்! உன் காய்ச்சல் முழுக்கப் போயிற்றா?

இதுதான் எங்கப்பா! பெருவெடி போட்டுவிட்டு அதன்மேல் சுத்தியலடியா! ஆட்டக்காரன் எவனும் அப்படிப் போட மாட்டான். படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டினான். கண்ணாடி போடவில்லையா! நான் என்னென்னவோ கற்பனை பண்ணிக்கொண்டு படுத்துக் கிடந்தேன். என் முட்டாள்தனத்தை மன்னித்துவிடு.

ஏப்ரலில் என்னை அழைத்துப் போக நீ வராதே. அப்பாவை வரச் சொல். பாலத்தைத் தாண்டி இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்து, வழி முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசாவிட்டாலும் சரி. பக்கத்தில் உட்கார்ந்து வந்தால் போதும் எனக்கு. என்னால் இறந்து போன அந்த மனிதரைப் பற்றி, அன்றைக்கு நான் குடித்திருந்ததைப் பற்றி, அப்பாவிடம் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குச் சொல்ல வரும்.

என் முறை: மறுபடியும் குறி வை. இந்தத் தடவையாவது இரண்டு பேரும் அடியுங்கள். நாம் ஜெயிக்கப் போகிறோம்.

டேரன்


பி பிளாக்
ஏப்ரல் 12

ஹைடி,

மார்ச் முழுவதும் உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஏன் என்று இப்போது தெரிகிறது.

செவ்வாய்க்கிழமை குழு கூப்பிட்டது. எங்கே இருப்பாய் என்றார்கள். அப்பா வீட்டில் என்றேன். யார் துணை என்றார்கள். அப்பா என்றேன். வெளியே வந்தால் அவர்தான் வண்டி கொண்டுவருவார், அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். நடுவில் இருந்த அம்மாள் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பத் தாளைப் பார்த்தார். "உங்க அப்பா ஜனவரியில தவறிட்டதா எங்க அதிகாரி எழுதியிருக்காரே. உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்றார்.

நான் எழுந்து கத்தவில்லை. கையைச் சுவரில் குத்தவில்லை. அம்மா இறந்த செய்தி வந்தபோது செய்ததைச் செய்யவில்லை. அதற்குத்தானே மறைத்தாய்? நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தேன். ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது என்றே தெரியாதவனை எந்த நம்பிக்கையில் வீட்டுக்கு அனுப்புவது என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வீடும் இப்போது யார் பெயரில் என்று தெரியாது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளி வைத்துவிட்டார்கள்.

எனக்கு ஜனவரியிலேயே தெரியும். 'தோள் கொடு' விழுந்த அன்றைக்கே தெரியும். அது உன் கை. அப்பா அப்படி ஆடவே மாட்டார். தெரிந்திருந்தும் பெருவெடியைக் காட்டி நீ ஏமாற்றினாய், நான் ஆசையாக ஏமாந்தேன்.

டேரன்


நெகோனி
ஏப்ரல் 21

என் தம்பிக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை. கேட்கிறேன். சாப்பிடுகிறாயா?

அப்பாவுக்கு நுரையீரல். அக்டோபரிலேயே தெரியும். "ஏப்ரல் வரைக்கும் அவன்கிட்ட மூச்சு விடாத. அம்மா செத்தப்ப அவன் சுவத்துல குத்துனதுல விடுதலை ஒரு வருஷம் தள்ளிப் போச்சு. இப்பவும் எதையாவது பண்ணிட்டு உள்ளயே கெடப்பான்" என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். அதிகாரியிடம் உண்மையைச் சொல்லி, உனக்குச் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினேன். தாளில் எழுதுவார், அதை உன் முன்னால் வைத்து வாசிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவேயில்லை. உன்னை வெளியே கொண்டுவரத்தான் இத்தனையும் செய்தேன். நானே உள்ளே தள்ளிவிட்டேன். இதை எப்படிச் சரிசெய்வது என்று எனக்குத் தெரியவில்லை, டேரன்.

ஆனால் ஒன்றில் உன் கணக்கு தப்பு. பெருவெடி நான் போட்டது. ஜன்னல் அதிரக் கத்தியதும் நான் எழுதிய கதை. அவரைப் போல மோசமாக ஆட எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது தெரியுமா? 'தோள் கொடு' மட்டும் நான் போடவில்லை.

அதைப் போட்டது அப்பா.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், ஆஸ்பத்திரியில். உன் கடிதத்தை வாசித்தேன். தாங்குவேன் என்று நீ எழுதிய இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். சீட்டுகளை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். "அந்தத் தோளு சீட்டு கைக்கு வந்துச்சா?" என்றார். வந்திருந்தது. "அதை அவனுக்குப் போடு."

"வேணாம்பா, டேரன் திட்டுவான். அவனுக்கு உயிர் நெறைய இருக்கு."

"திட்டட்டும். தாங்குவேன் தாங்குவேன்னு சொல்றவன்தான் தாங்க மாட்டான். கோர்ட்டுல நான் நின்னுருக்கணும். இதையாவது போடு."

போட்டேன். புது வருஷம் பிறந்து இரண்டாம் நாள் காலையில் போய்விட்டார். நீ திட்டி எழுதிய கடிதம் அடக்கம் முடிந்த பிறகு வந்தது. கல்லறைக்கு எடுத்துப் போய் வாசிக்கலாமா என்று நினைத்தேன். வாசிக்கவில்லை.

ஹைடி


பி பிளாக்
மே 3

அன்பு அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். நீயும் சாப்பிடு. வேலைக்குப் போ. உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போது தேடினால் கிடைக்கவில்லை.

அந்தச் சுற்றைத் தரையில் பரப்பி மறுபடியும் ஆடிப் பார்த்தேன். அப்பா தோள் கொடுக்காமல் இருந்திருந்தால் இரும்பு மழை என்மேல் விழுந்திருக்கும். எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது, அக்கா. பாதி உயிரோடு நின்றிருப்பேன். எப்படிக் கணக்குப் போட்டாலும் அது வீண்தான். நான் முதலில் சொன்னது சரிதான், அது மட்டமான சீட்டு.

மேசையைக் கலைக்காதே என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. உனக்குச் சாப்பிட இடம் வேண்டும். எல்லாவற்றையும் எடுத்துப் பெட்டியில் வை. துருவேந்தன் ஜெயித்துவிட்டுப் போகட்டும்.

அடுத்த வருஷம் நான் வந்தால் ஆடலாம். சம்மட்டியை நான் எடுத்துக்கொள்கிறேன். கட்டை அடுக்கும்போது, நான் தூக்கச் சொன்ன அந்தச் சீட்டைத் தூக்கிவிடாதே. அது பாட்டுக்குக் கிடக்கட்டும்.

உன் தம்பி,
டேரன்